சின்னவளுக்கு மூன்று வயதாகும் முன்

அன்புசெல்வனுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் பூமிகா கல்யாணமான நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவன் சொன்ன முதல் பொய் அவளை அப்படிக் கலங்கடித்தது.

ஆடி மாதக் கடைசி. கம்பெனியில் லீவு போட்டுவிட்டு நடவுக்காக ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினான். ஊர் என்றால் பள்ளிப்பட்டுப் பக்கம். அங்கே அவன் அப்பா சுப்பிரமணிக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம். அன்புசெல்வன் மட்டும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் காண்டிராக்ட் ஆளாகச் சேர்ந்து, பெண்டாட்டியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தான்.

அவன் போன மறுநாள் காலையில் மாமியார் கெங்கம்மாள் போன் செய்தாள். மகன் போனை எடுக்கவில்லையே, வேலைக்குப் போயிருக்கிறானா என்று கேட்டாள். பூமிகாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. நடவு எப்படிப் போகிறது என்று மெதுவாக விசாரித்தாள். ஏரியில் தண்ணீரே இல்லை, நாற்றே விடவில்லை, நடவாவது ஒன்றாவது என்று கெங்கம்மாள் அலுத்துக்கொண்டாள். அவர் ஓவர்டைம் பார்க்கிறார் அத்தை என்று சொல்லி பூமிகா போனை வைத்தாள். அவன் பொய்யை மறைக்கத் தானும் ஒரு பொய் சொல்லிவிட்டோமே என்று பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது எப்போதும் அரிசியோ கத்திரிக்காயோ ஒரு பையாவது இருக்கும். இந்தத் தடவை வெறுங்கை. லுங்கி கட்டியிருந்தான், கால்களை அகட்டி அகட்டி நடந்தான். வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றான். பூமிகா அவன் முகத்தையே பார்த்தாள். எந்த வரப்பு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் இன்னொரு பொய் சொல்வான், அதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் முழுக்க அவன் தனியாகப் பாய் போட்டுப் படுத்தான். கேஸ் சிலிண்டர் வந்தபோது தூக்க மாட்டேன் என்றான். மோனிகாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரன் ரகுவைக் கூப்பிட்டு உள்ளே வைக்கச் சொன்னான். மோனிகா பெரியவள், ஒன்றாம் வகுப்பு. சின்னவள் இன்னும் அங்கன்வாடிதான்.

பூமிகாவின் மனசு பள்ளிப்பட்டையே சுற்றி வந்தது. சித்திரையில் ஒரு கிரகப்பிரவேசத்தில் கெங்கம்மாள் தன் தம்பி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவளை எம் புள்ளைக்குக் கட்டியிருந்தா இந்நேரம் பேரன் ஓடி ஆடியிருப்பான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்புசெல்வனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது பூமிகா நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

அதே சித்திரையில்தான் இன்னொரு பேச்சும் நடந்தது. அங்கன்வாடி டீச்சர் ஆரோக்கியமேரி வீட்டுக்கே வந்து, இரண்டும் பெண்ணாக இருக்கும் குடும்பத்துக்கு அரசாங்கம் ஒவ்வொரு குழந்தை பேரிலும் பணம் டெபாசிட் போடுகிறது, பதினெட்டு வயதில் வட்டியோடு கைக்கு வரும், படிப்புக்கு ஆகும் என்று சொன்னாள். ஆண் பிள்ளை இருக்கக்கூடாது. புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். சின்னவளுக்கு மூன்று வயது முடிவதற்குள் மனு போட்டுவிட வேண்டும். பூமிகாவுக்கு ஆசைதான். ஆனால் இரண்டு பிரசவமும் சிசேரியன். உடம்பில் ரத்தம் கம்மி, ஏறட்டும், அப்புறம் ஆபரேஷனைப் பற்றிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தச் சமயம் வந்திருந்த கெங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டீச்சர் போனதும் கதவைச் சாத்தினாள்.

“சும்மா யாரு நைனா டப்பு குடுப்பாங்க? டப்பைக் காட்டி வம்சத்தை அறுக்கப் பாக்கறாங்க. நீ ஏமாந்துடாத” என்றாள் மகனிடம்.

பாக்கலாம் என்று மட்டும் சொல்லி அன்புசெல்வன் எழுந்து போனான். அந்தப் பாக்கலாம் அவன் அம்மாவின் குரல் என்றே பூமிகா எடுத்துக்கொண்டாள். ஆபரேஷன் வேண்டாம், இவளுக்கு இனிமேல் பிள்ளை தாங்காது என்றால், பேரனுக்கு வேறு வழி பார்க்கிறார்கள். கிரகப்பிரவேசத்துச் சிரிப்பு, தண்ணீரில்லாத ஏரியில் நடவு, வெறுங்கையோடு வந்தது எல்லாம் அவளுக்கு ஒரே கணக்காக முடிந்தது.

ஆவணி பிறந்ததும் அவன் பழையபடி ஆகிவிட்டான். முன்னைவிட அன்பாகவே இருந்தான். குழந்தைகளுக்கு வாரா வாரம் ஏதாவது வாங்கி வந்தான், அவளுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்து ரத்தம் ஊறும், சாப்பிடு என்றான். அந்த அன்பும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தப்பு செய்தவன்தான் இப்படித் தாங்குவான் என்று பக்கத்து வீட்டு முத்தம்மா யாரையோ பற்றிச் சொன்னது காதிலேயே நின்றது.

புரட்டாசியில் பூமிகாவுக்கு நாள் தள்ளிப்போனது. மெடிக்கலில் அட்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓரத்தில் ஒரு நப்பாசை. இது பையனாக இருந்துவிட்டால் மாமியார் வாய் அடைத்துப்போகும், இவனும் பள்ளிப்பட்டுப் பக்கம் திரும்ப மாட்டான் என்று தோன்றியது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் சொன்னாள்.

அவன் கை கழுவுவதை நிறுத்தவே இல்லை. தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எத்தினி நாளாச்சி?” என்றான்.

சொன்னாள். மறுபடியும் கேட்டான். சொன்னாள். குழாயை மூடிவிட்டு வெளியே போனவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான்.

அன்றிலிருந்து அவன் வேறு ஆள். ரகு ஆட்டோ வேண்டாம், மோனிகாவை நானே வண்டியில் விட்டுவிடுகிறேன் என்றான். அதற்காகக் காலை ஷிப்டுக்காரனிடம் கெஞ்சி நேரம் மாற்றிக்கொண்டான். சார்ஜ் இருக்கிறதா பார்க்கிறேன் என்று அவள் போனை எடுத்து வெகுநேரம் வைத்துக்கொண்டிருப்பான். ஒருநாள் நடுப்பகலில் திடீரென்று வந்து நின்றான். ஐடி கார்டை மறந்துவிட்டேன் என்றான். கார்டு அவன் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பூமிகா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவன் சமையல்கட்டு, பாத்ரூம், பின்வாசல் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடிக்காமலே போனான்.

பூமிகா இதற்கெல்லாம் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் விஷயத்தை யாராவது எனக்குச் சொல்லிவிட்டார்களா என்று போனில் தேடுகிறான். நான் அழுகிறேனா, பெட்டி கட்டுகிறேனா என்று வேவு பார்க்க வருகிறான். வயிற்றில் இருக்கும் பிள்ளை அவன் திட்டத்துக்கு இடைஞ்சல், அதனால்தான் அந்த முகம். ஆஸ்பத்திரியில் பேர் பதிய வேண்டும், கூட வா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் வேலை என்றான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு, குழந்தைகள் எதிரில் சிரித்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமலே தீபாவளியையும் கடத்தினார்கள்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆரோக்கியமேரி வந்தாள். சின்னவளுக்குச் சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, ஈரக் குடையை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உங்க ஊட்டுக்காரர் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார், அதனால் நேரிலேயே வந்தேன் என்றாள். பாப்பாவுக்குத் தை மாதம் மூன்று வயது முடிகிறது, அதற்குள் மனு போட்டாக வேண்டும், டெஸ்ட்டுக்கு எப்போது போகிறார் என்று கேட்டாள்.

“இன்னா டெஸ்ட்டு டீச்சர்?”

ஆரோக்கியமேரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “ஆடியில ஆபரேஷன் பண்ணிகினாரே, அதுக்குதாம்மா. மூணு மாசம் கழிச்சி டெஸ்ட்டு எடுத்து, ஒண்ணும் இல்லன்னு வந்தாதான் சர்டிபிகேட் குடுப்பாங்க. உங்கிட்ட சொல்லலையா?”

பூமிகா அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஆபரேஷனா, அவருக்கா என்று கேட்டாள். ஆரோக்கியமேரி தப்பு செய்துவிட்டவள் போலக் குரலைத் தணித்தாள். ஆம்பளைக்குச் செய்வது சின்ன வேலைதான், தையல்கூடக் கிடையாது, என் பெண்டாட்டி உடம்பு தாங்காது, எனக்கே செய்துவிடுங்கள் என்று அவராகவே வந்து கேட்டார், நான்தான் நர்ஸ் ஷைனியிடம் அனுப்பினேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார், ஆனால் உனக்குமா தெரியாது என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

பூமிகாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. வரப்பு இல்லை, தம்பி மகள் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த மனுஷன் எனக்காகப் போய்க் கத்திக்குப் படுத்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்குள் இரண்டாவது நினைப்பு வந்தது. ஆடியில் ஆபரேஷன். புரட்டாசியில் நான் போய், நாள் தள்ளிப்போச்சு என்று சொல்லியிருக்கிறேன். எத்தினி நாளாச்சி என்று அவன் இரண்டு தடவை கேட்டது. போன். ஐடி கார்டு. பின்வாசல்.

“டீச்சர், அந்த மூணு மாசத்துக்குள்ள?” என்றாள்.

“அதுக்குள்ள கரு நிக்கும்மா. அத்தொட்டுதான் உறை குடுத்து, ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லி அனுப்பறாங்க.” சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி பூமிகாவின் முகத்தைப் பார்த்தாள், கை வயிற்றுக்குப் போவதைப் பார்த்தாள். தானே எழுந்து அடுப்பில் டீ வைத்தாள்.

மூன்று மணிக்கு அன்புசெல்வன் நனைந்துகொண்டு வந்தான். மோனிகாவைக் கூப்பிடப் போக இன்னும் நேரம் இருந்தது. சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு பூமிகா அவன் எதிரில் நின்றாள்.

“ஆபரேஷன் பண்ணிகினியா மாமா?”

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. துண்டு முகத்தின் மேலேயே இருந்தது.

“டீச்சர் வந்துட்டுப் போனாங்க. டெஸ்ட்டு எடுக்கலயாமே. மூணு மாசத்துக்கு ஜாக்கிரதையா இருக்கச் சொல்லி உங்கையில குடுத்தாங்களாமே, அதை இன்னா பண்ண?”

தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான். வீட்டில் பார்த்தால் எதற்கு என்று நீ கேட்பாய், அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டேன் என்றான். நர்ஸ் சொன்னதையும் சரியாகக் கேட்கவில்லை. அங்கே வரிசையில் இருந்த ஒரே ஆம்பளை அவன்தான். எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது, எப்போது வெளியே வருவோம் என்று இருந்தது. முடிந்தது என்றால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். இரண்டு நாள் அத்திப்பட்டில் கூட்டாளி பீட்டர் ரூமில் படுத்துக் கிடந்தான். கம்பெனியில் தெரிந்தால் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள், அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டையே ரெண்டாக்குவாள். பூமிகாவுக்குச் சொன்னால் வேண்டாம் என்று அழுவாள். ரத்தம் இல்லாத உடம்பை இன்னொரு தடவை அறுக்க விடக்கூடாது என்றுதான் செய்தான். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: “யாருன்னு நெனச்ச?”

அவன் துண்டை மடிக்கத் தொடங்கினான்.

“ரகுவா?”

அவன் முகம் சொல்லிவிட்டது. பூமிகாவுக்குச் சிரிப்பு வந்தது, அதை அவளால் அடக்க முடியவில்லை. சிலிண்டரைத் தூக்கி வைக்க இவனே கூப்பிட்டுவிட்ட ஆள். அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். சிரித்து முடித்ததும் அவன் கையிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள்.

“நான் ஒண்ணும் கேக்கலயே பூமிகா. ஒரு வார்த்த தப்பா பேசலயே” என்றான் அன்புசெல்வன்.

“கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் மாமா. கேக்காம மனசுல வச்சிகினு எங்கூட ஒரு தட்டுல சோறு துன்ன பாரு, அதுதான்.”

அவளும்தான் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஊருக்குப் போய் எங்கே இருந்தாய் என்று ஆடியிலேயே கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. ஆனால் அதை அன்று அவள் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாக நர்ஸ் ஷைனியைப் பார்க்கப் போனார்கள். ஷைனி திட்டினாள், அன்புசெல்வன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, இரண்டு சிசேரியனுக்கு மேல் இந்த ரத்தத்தோடு மூன்றாவது என்றால் கவனமாக இருக்க வேண்டும், வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் முடிவு, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் மெதுவாகப் பேசினான். இந்தக் குழந்தை இருக்கட்டும், டெபாசிட் போனால் போகட்டும், நான் ஓவர்டைம் பார்க்கிறேன் என்றான். பூமிகா அவனையே பார்த்தாள். இது அவளுக்காகச் சொல்வதா, செய்த தப்புக்குப் பரிகாரமாகச் சொல்வதா, இல்லை பையனாக இருக்குமோ என்ற நினைப்பா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. முன்னே என்றால் அவன் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டிருப்பாள்.

“நீ ஆபரேஷன் பண்ணிகினப்ப என்னைக் கேட்டியா? இதை நான் உன்னைக் கேக்கல” என்றாள்.

இரண்டு நாள் யோசித்தாள். இரண்டு பெண்களையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவர்கள் தலையை யார் வாருவார்கள் என்ற ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தாள். டெபாசிட்டுக்காகச் செய்துவிட்டாள் என்று யாராவது சொல்வார்கள் என்றும் நினைத்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து அவள் வெளியே வரும்வரை அன்புசெல்வன் வார்டு வாசலைவிட்டு நகரவில்லை. அவள் அழுதது அவனுக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் வர அவனுக்குத் துணிச்சல் இல்லை.

அதற்கப்புறம்தான் அவன் டெஸ்ட்டுக்குப் போனான். முதல் தடவை, விந்தில் இன்னும் உயிரணு இருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்தவன்போல இருந்தான். பூமிகா அதைக் கவனித்தாள்.

“இப்பதான் எம் மூஞ்சைப் பாக்க முடியுதா மாமா?” என்றாள்.

மனுவுக்காகத்தானே போனேன், டீச்சர்தானே போகச் சொன்னார் என்று அவன் பதறினான். அதுவும் உண்மைதான். சர்டிபிகேட் இல்லாமல் மனு நிற்காது. ஆனால் அவன் எதற்காகப் போனான் என்பது இனி அவளுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. அவனுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

மார்கழியில் இரண்டாவது டெஸ்ட் சரியாக வந்தது. சின்னவளுக்கு மூன்று வயது முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஆரோக்கியமேரி கூடவே வந்து மனுவைப் போட்டுக் கொடுத்தாள். மனுவை விசாரிக்க வந்த ஆபீசர் அம்மாள், வேறு ஆண் குழந்தை எங்கேயாவது இருக்கிறதா, தத்து எடுத்திருக்கிறீர்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு போனாள். ரகுவையும் கேட்டாள். அவன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு, தங்கமான குடும்பம் மேடம் என்றானாம். அன்புசெல்வன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். மறுவாரம் மோனிகாவை மறுபடி ரகுவின் ஆட்டோவிலேயே அனுப்பச் சொன்னான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனார்கள். கெங்கம்மாள் வழக்கம்போல அடுத்த பொங்கலுக்குள் ஒரு பேரனைக் கண்ணில் காட்டு என்று பூமிகாவைப் பார்த்துத் தொடங்கினாள். அன்புசெல்வன் கரும்பைக் கீழே வைத்தான்.

“அவளைக் கேக்காதம்மா. ஆபரேஷன் எனக்குதான் ஆயிருக்குது. ஆடியிலயே பண்ணிகினேன். யாரும் சொல்லல, நானாத்தான்.”

கெங்கம்மாள் மகனைப் பார்த்தாள், அப்புறம் மருமகளைப் பார்த்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எழுந்துபோய் அடுப்பில் பாலை இறக்கினாள். சுப்பிரமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கெங்கம்மாள் பூமிகாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, “உண்மையச் சொல்லு. ஆம்பள எங்கனா போய் அறுத்துகினு வருவானா? உனக்குதான் பண்ணிட்டாங்க. உன்னைக் காப்பாத்த அவன் தன் தலைல போட்டுக்கிறான், அதானே?” என்று கேட்டாள்.

பூமிகா வாளியைக் கீழே வைத்தாள். எத்தனை சத்தியம் செய்தாலும் இந்த அம்மாள் நம்பப்போவதில்லை என்பது அந்தக் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. அந்தக் கண் அவளுக்கு ஏற்கெனவே பழக்கம், தன் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள்.

“எங்கிட்ட கேட்டுட்ட இல்ல அத்தை, அதுவே போதும். அவரு சொன்னதுதான் நெசம்” என்றாள்.

கெங்கம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மாட்டைத் தட்டிக் கொடுத்தாள். அதற்கப்புறம் டெபாசிட் பத்திரம் இரண்டும் மோனிகா பேரிலும் சின்னவள் பேரிலும் வந்தன, ஆரோக்கியமேரி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனாள். பத்திரம் வந்த செய்தியை அன்புசெல்வன் போனில் சொன்னபோது கெங்கம்மாள் நல்லது நைனா என்றாள். கொஞ்சம் விட்டு, அவ பக்கத்துல இல்லாத நேரமா ஒருநாள் தனியா வா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பூமிகா சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். எதுவா இருந்தாலும் இப்பவே கேளும்மா, அவளும் கேட்டுகினுதான் இருக்கா என்றான் அவன்.